சொல்லே மண்ணாகும் களம்

ஓர் இனம் தான் உழுதுண்ணும் நிலத்தைப் பிறர்க்கு இழந்தால் அவ்விழப்புக் கண்ணுக்குத் தெரியும். மீட்கப் போராடுவாரும் தோன்றுவர். தன் இளைஞர் கனவு காணும் நிலத்தை இழந்தாலோ, இழந்தோம் என்னும் உணர்வுகூட எழுவதில்லை. ஒழிந்த பொழுதில் நம் பிள்ளைகள் எந்த மலையில் ஏறுகின்றனர், எந்தக் காட்டில் திரிகின்றனர், எந்த அரசனுக்காக வாளெடுக்கின்றனர் என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? அவர்கள் ஏறும் மலை நம் மலையன்று. திரியும் காடு நம் காடன்று. உரைக்கும் வஞ்சினமும் நம் மொழியில் இல்லை. கணினித் திரையில் விரியும் விளையாட்டுலகங்களைப் பற்றியே ஈண்டுக் கூறுகின்றோம்.

அவ்வுலகங்களுள் ஒருவகை, மொழித்தொண்டர் கருத்தூன்றி நோக்கற்பாலது. அதில் படமில்லை; ஒலியில்லை; எழுத்து மட்டுமே உண்டு. 'நீ ஓர் ஆற்றங்கரையில் நிற்கின்றாய். வடக்கே ஒரு சிற்றூர் தெரிகின்றது' என்று திரையில் எழுத்துத் தோன்றும். ஆடுவோன் தான் செய்யக் கருதுவதை எழுத்தாலேயே விடையிறுப்பான். வெவ்வேறு ஊரிலும் நாட்டிலும் இருந்து இணையவழிக் கூடிய பலர், ஒருவன் மறவனாகவும் ஒருத்தி மருத்துவச்சியாகவும் மற்றொருவன் வணிகனாகவும் கோலம் பூண்டு, தம்முள் உரையாடியும் உறவாடியும் போரிட்டும் கதையை நடத்துவர். இதனைச் சொற்களம் என்று பெயரிட்டு வழங்குவோம்.

பட விளையாட்டில் மொழி என்பது பெயர்ப்பலகை. பலகையை மாற்றினாலும் ஆட்டம் நடக்கும். சொற்களத்திலோ மொழியே மண், மொழியே மரம், மொழியே மழை. ஆகலின் அங்கே மண் எவருடையது என்னும் வினாவும் மொழி எவருடையது என்னும் வினாவும் ஒன்றே. ஒரு மணிநேரம் சொற்களத்தில் ஆடும் சிறுவன் ஒரு மணிநேரம் படிக்கின்றான், எழுதுகின்றான். தமிழை உரோம எழுத்தில் தட்டிப் பழகிவரும் இத்தலைமுறைக்கு இதனினும் இனிய எழுத்துப் பயிற்சி வேறுண்டோ?

இவ்விளையாட்டின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். 1975, 1976-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கரான வில் குரோத்தர் இத்தகைய எழுத்து விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான ஒன்றை எழுதினார். அதன் களம் விண்ணிலிருந்து விழுந்ததன்று. கென்டக்கி மாநிலத்தில் அவரே உள்நுழைந்து அளந்து படம் வரைந்த மெய்யான மலைமுழை. பலர் ஒருங்கே கூடி ஆடும் சொற்களம் 1978-இல் இங்கிலாந்தின் எசெக்சுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இராய் திரப்சா என்னும் மாணவர் தொடங்க, இரிச்சர்டு பார்த்தில் என்னும் மற்றொரு மாணவர் அதனை வளர்த்தார். தென்மார்க்கு நாட்டின் கோபனேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் தாம் உருவாக்கிய சொற்களத்தின் நிரலை 1991-இல் பிறர்க்கும் வழங்கினர். அதன் தலைநகர்க்கு அவர்கள் இட்ட பெயர் மிட்கார்டு. அஃது அவர்தம் முன்னோர் தொன்மத்தில் மாந்தர் வாழும் உலகின் பெயர். அந்நிரலைப் படியெடுத்தோர் பலர் நகரையும் மாற்றாது அப்படியே வைத்துக்கொண்டனர். அதனால் எங்கெங்கோ வாழ்வார்க்கெல்லாம் ஆட்டம் தொடங்கும் ஊர் தென்மார்க்கினர் பெயரிட்ட ஊராயிற்று. தம் மண்ணிலிருந்து களம் அமைத்தோர் படைப்பாளராயினர். படியெடுத்தோர் அக்களத்தில் குடியேறிகளாயினர்.

இன்று இவ்வுலகங்களில் திரியும் குறளரும் நெடுவாழ்வினரும் எங்கிருந்து வந்தனர்? கேரி கைகாக்சு, தேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட, கோலம் பூண்டாடும் விளையாட்டின் வழியாக வந்தனர். அவ்விருவர்க்கும் முன்னே இருந்தது 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'கணையாழிகளின் தலைவன்' என்னும் பெரும்புதினம். அதனை எழுதிய தோல்கீன் யார்? நம்மனோரைப் போன்றதொரு மொழிப்புலவர். 1925 முதல் ஆக்சுபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்து ஆங்கிலத்தை உருமாற்றின. அவ்வெள்ளத்தின் அடியில் புதைந்துகிடந்த சொற்களைத் தோல்கீன் தோண்டியெடுத்தார். அவர் படைத்த நடுஞாலத்தின் பெயர் பழைய ஆங்கிலத்தின் வழிவந்தது. நடமாடும் மரங்களுக்கு அவர் இட்ட பெயர், அம்மொழியில் அரக்கனைக் குறித்த சொல். அவருடைய குதிரைமறவர் நாட்டு மன்னனின் பெயரான தியோடன் என்பதற்கு அம்மொழியில் தலைவன் என்பதே பொருள். தம் நாட்டுக்குத் தனக்கெனத் தொன்மக்கதைகள் இல்லையே என்று அவர் ஏங்கினார். மொழிகளை முதலில் புனைந்து, அவை வாழ்வதற்கென்றே உலகைப் புனைந்ததாகவும் கூறினார். தனித்தமிழ் என்றால் நகைப்போர், பழைய ஆங்கிலப் பற்றிலிருந்து முளைத்த மரத்தின் நிழலிலேயே நாளும் விளையாடுகின்றனர்!

தோல்கீன் ஏங்கிய குறை நமக்கில்லை. நமக்கு இருப்பது, இருப்பதை எடுத்தாளாத குறை. சொற்களம் அமைப்போர் கேட்க வேண்டிய வினாக்கள் எவை? எந்த இடம், எந்தப் பொழுது? அங்கு வாழ்வோர் தொழுவது எது, உண்பது எது, செய்யும் தொழில் எது? அவர்தம் உள்ளத்தில் நிகழ்வது எது? இவற்றைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்துவைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். கூடலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். இவ்விலக்கணம் கணினி விளையாட்டுக்கென்று எழுதப்பட்டதென யாம் கூறவில்லை. அத்தகைய பொய்ப்பெருமை நமக்கு வேண்டா. அது பாட்டுக்குக் களம் அமைக்கும் இலக்கணம். சொல்லால் நிலம் அமைப்பதே பாட்டின் பணியும் சொற்களத்தின் பணியும் ஆகலின், அங்குப் பயன்பட்டது இங்கும் பயன்படும்.

எவ்வாறு பயன்படும் என்பதற்குச் சில காட்டுகள் தருவோம். மேலை விளையாட்டுகளில் மணற்காடு என்பது பெரும்பாலும் நிலப்படத்தின் ஒரு மூலை. நம் மரபிலோ பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் நெறி. நேற்று ஆநிரை மேய்ந்த காட்டில் இன்று ஆறலைப்போர் பதுங்குவர், சுனை வற்றும், வழிச்செல்வோர் வேறு வழி தேடுவர். மழை பெய்தால் எல்லாம் மீளும். இயங்கும் உலகம் என்பது இதுவன்றோ?

திசையை நோக்குக. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் வந்தன. மேற்றொடர்மலையிலிருந்து கீழைக்கடல் நோக்கிச் சரியும் நம் நிலத்தின் சாய்வு திசைப்பெயரிலேயே பொதிந்துள்ளது. நம் களத்தில் மேற்கே செல்வோன் குறிஞ்சியில் ஏறுவான். கிழக்கே செல்வோன் நெய்தலில் இறங்குவான். இருளில் வழி தப்பியவனுக்குக் காற்றே வழிகாட்டும். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை.

இனி, குறிஞ்சியில் தேனும் தினையும் உண்டு, உப்பில்லை. நெய்தலில் உப்பும் மீனும் உண்டு, நெல்லில்லை. மருதத்தில் நெல் உண்டு. முல்லையில் பாலும் நெய்யும் உண்டு. ஒரு நிலத்தார்க்கு மற்றொரு நிலத்தார் வேண்டும். உப்பேற்றிச் செல்லும் உமணர் வண்டி ஒன்று போதும். ஐந்து நிலத்தாரும் ஒரு கதைக்குள் வந்துவிடுவர். போரென்றால் பூவே பேசும். வெட்சி சூடி வருவோன் ஆநிரை கவர வருகின்றான். உழிஞை சூடியவன் மதிலை வளைக்க வருகின்றான். நொச்சி சூடியவன் மதிலைக் காக்க நிற்கின்றான்.

கோலம் பூண்டு பேசுவதும் நமக்குப் புதிதன்று. அகப்பாட்டில் வருவோர்க்கு இயற்பெயர் இல்லை. தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன் என்னும் நிலைகளே உண்டு. யார் கூறுவது, யார் கேட்பது, எவ்விடத்து, எப்பொழுது என்பவற்றுக்கெல்லாம் இலக்கணம் உண்டு. கபிலர் தலைவியாகவும் நின்று பேசினார். தோழியாகவும் நின்று பேசினார். பார்த்தில் 1996-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆடுவோரை நால்வகைப்படுத்தினார்: ஈட்டுவோர், தேடுவோர், அளவளாவுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர். இந்நால்வர்க்கும் நம் திணைகளில் இடமுண்டு. ஈட்டுவோர்க்கு வாணிகம்; தேடுவோர்க்கு மலையும் கடலும்; அளவளாவுவோர்க்கு அகம்; தாக்குவோர்க்குப் புறம்.

இத்துணையும் இருந்தும் களம் அமையாமைக்குக் கரணியம் யாது? நிரல் எழுதும் இளைஞர்க்கு இலக்கணம் தெரியவில்லை; இலக்கணம் கற்ற புலவர்க்கு நிரல் வேண்டியதில்லை என்னும் இறுமாப்பு. இவ்விருவரும் கூடாமையால் விளையும் கேட்டைப் பாருங்கள். குரோத்தரின் விளையாட்டில் வினையும் பெயருமான இரு சொற்களே கட்டளை. ஆங்கில மரபுப்படி வினை முன்னே நிற்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'எடு வாள்' என்றாகும். தமிழன் 'வாளை எடு' என்பான். 'எடு வாளை' எனினும் பொருள் கெடாது. ஏனெனில் தமிழில் செயப்படுபொருளைக் காட்டுவது சொல் நிற்கும் இடமன்று, ஐயுருபு. ஆகலின் தமிழ்க்களத்தின் பொறி இடத்தை நோக்காது உருபை நோக்கல் வேண்டும். மரம் அத்துச்சாரியை பெற்று மரத்தை என்றாகும்; ஆறு ஒற்றிரட்டி ஆற்றை என்றாகும்; பாறை உடம்படுமெய் பெற்றுப் பாறையை என்றாகும். இதனை அறியாதான் எழுதிய நிரல், 'மரத்தை வெட்டு' என்ற சிறுவனிடம் 'விளங்கவில்லை' என்று கூறும். பிழை நிரலுடையது, சிறுவனோ பிழை தமிழுடையது என்று எண்ணி ஆங்கிலத்துக்குத் தாவுவான். ஒரு புணர்ச்சி நெறியைப் பொறிக்குக் கற்பியாமையால் ஒரு பிள்ளையை இழக்கின்றோம்.

எழுத்தெண்ணிக்கையும் இத்தகையதே. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி முறையில் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளால் ஆவது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கு ஐந்து குறியீடு. குறியீட்டை எண்ணி வரியை ஒடிக்கும் நிரல் எழுத்தையும் ஒடித்துவிடும். ஆடுவோனை 'நீ' என்பதா, 'நீர்' என்பதா, 'நீங்கள்' என்பதா என்னும் வினாவும் உண்டு. இற்றை ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லார்க்கும் போதும். நம் மொழியில் ஊர்க்கிழவனை விளிப்பதும் தோழனை விளிப்பதும் வேறு. அவ்வேறுபாட்டை அறிந்து விடையிறுக்கும் களமே தமிழ்க்களமாகும்.

ஒன்றை எச்சரித்தல் எம் கடன். சொற்களம் அமைக்கின்றோம் என்று கூறி, மூவேந்தர் வாழ்த்தையே ஆயிரம் முறை எழுதிவைத்தல் பயனற்றது. வேந்தன் நுழைந்தவுடன் எல்லாரும் வணங்குவது காட்சியாகலாம், விளையாட்டாகாது. பசித்த பாணன், கணவனைப் போருக்குப் போக்கியவள், வறண்ட குளம், பறிபோன கன்று ஆகியவற்றில்தான் ஆடுவோன் செய்வதற்குச் செயல் இருக்கின்றது. பிறப்பால் உயர்வு தாழ்வு கூறும் பிற்காலக் கேட்டினைப் பழம்பெருமை என்னும் பெயரால் நம் களத்துள் நுழையவிடுதலும் ஆகாது. நாம் வேண்டுவது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த தமிழகமன்று. உள்ளே புகுந்து வாழத்தக்க தமிழகம்.

காலமும் நமக்காகக் காத்திராது. கேட்ட மாத்திரத்தில் கதையையும் களத்தையும் தாமே புனைந்து தரும் பொறிகள் வந்துவிட்டன. அவை தமக்கு ஊட்டப்பெற்ற எழுத்திலிருந்தே புனைவன. ஊட்டத் தமிழில்லையேல், அவை தமிழ்ச்சொல்லைக் கொண்டு மேலைக் காட்டையே நமக்குக் காட்டும். குறிஞ்சியில் தேக்கும் வேங்கையும் நிற்க வேண்டிய இடத்தில் பனிமூடிய ஊசியிலை மரங்கள் நிற்கும். அதனையும் நம் பிள்ளைகள் தமிழ்மலை என்றே நம்புவர்.

செய்ய வேண்டியது மலைப்புக்குரியதன்று. சொற்களம் அமைப்பதற்கான எவென்னியா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒருங்குறித் தமிழை அவை ஏற்கும். ஒரு புலவரும் ஒரு நிரலாளரும் அமர்ந்து, திணைக்கு ஓர் ஊராக ஐந்து ஊர்களை முதலில் எழுதுக. ஊருக்குப் பத்து இடம் போதும். இடத்துக்கு மூன்று வரி போதும். அவ்வரிகளில் மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் பொழுதின் பெயரும் பிழையின்றி இருக்கட்டும். உயர்பள்ளி மாணவர் நால்வரை அழைத்து ஆடச்செய்க. அவர்கள் தடுக்கி விழும் இடத்தைத் திருத்துக. புலவீர்! விளையாட்டென்று இகழாதீர். இளைஞர்காள்! இலக்கணமென்று அஞ்சாதீர்.

உழுநிலத்தை மீட்கப் படை வேண்டும், சட்டம் வேண்டும். சொல்நிலத்தை மீட்கச் சொல் போதும். அச்சொல் நம்மிடம் இருக்கின்றது. எடுத்து நடுவோம்.