‘மண்டையில ஏறாது’ என்பவர்களுக்கு

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து பெஞ்சில் இருந்த ஆசிரியர் ஒருவர் நல்ல மனிதர்தான். எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார். பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றித் திரும்பியதும் சொன்னார்: “தம்பி, 20 வருஷமா பாக்குறேன். காலனிப் பிள்ளைங்களுக்கும் மலைப் பிள்ளைங்களுக்கும் மண்டையில ஏறாது. கவனம் நிக்காது. படிக்கணும்கிற எண்ணமே கிடையாது. நான் குத்தம் சொல்லல. அது அப்படித்தான்.”

நான் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய “அது அப்படித்தான்” என்ற சொல்லுக்குத்தான் இந்தப் பதில்.

தோழர்களே, முதலில் நம் பக்கத்துத் தவறு ஒன்றைப் பேசிவிடுவோம். இப்படி யாராவது சொன்னால் நாம் உடனே என்ன செய்கிறோம்? “எங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை” என்று முழங்குகிறோம். கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் மறுநாள் மாலை படிப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் முதல் வரியை மறந்துவிடுகிறது. கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் கண் வாசலுக்குப் போகிறது. இதை நாம் பார்க்கவில்லையா? பார்க்கிறோம். பார்த்துவிட்டு மேடையில் இல்லை என்கிறோம். குறை இல்லை என்று நாம் சொன்னால் அதற்கு மருந்து கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கைவிடுகிறோம். குறை பிறவியிலேயே வந்தது என்று அவர்கள் சொன்னால் மருந்தே வேண்டாம் என்றாகிறது. இரண்டிலும் நட்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

என் வாதம் இதுதான். கவனம், நினைவு, படிக்கும் ஊக்கம் எல்லாம் பல பிள்ளைகளுக்குத் தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அது பிள்ளையோடு பிறந்தது அல்ல. அதன்மீது ஏற்றப்பட்டது. ஏற்றியது எது என்று கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தால் இறக்கலாம்.

அந்தத் தளர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 38-ஐ 7-ஆல் பெருக்கச் சொல்கிறார் ஆசிரியர். ஏழெட்டு ஐம்பத்தாறு. 6-ஐ எழுதிவிட்டு 5-ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 5-ஐப் பிடித்துக்கொண்டே ஏழு மூன்று இருபத்தொன்று என்று போட்டு, இரண்டையும் கூட்டி 26 எழுத வேண்டும். 266. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் செய்யும் இந்தத் திறனைத்தான் உளவியலில் செயல்நினைவு என்கிறார்கள். எல்லோருக்குமே அது ஒரு சின்னப் பலகைதான். மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் எழுத இடம் கிடையாது. பசியும் பயமும் தூக்கமின்மையும் அந்தப் பலகையில் முன்கூட்டியே எழுதிவிட்டால் 5-ஐ எங்கே எழுதுவது?

அந்த 5 தொலைந்ததும் விடை தப்பாகிறது. “கவனம் எங்கடா இருக்கு?” என்று திட்டு விழுகிறது. அடுத்த கணக்கின்போது திட்டு வாங்கிய பயமும் பலகையில் ஏறிக்கொள்கிறது. இன்னொரு தப்பு, இன்னொரு திட்டு. பத்து முறை இப்படி ஆனால் எந்தப் பிள்ளைக்குப் பதினோராவது முறை முயல மனம் வரும்? கடைசியில் ஊக்கமும் போகிறது, “படிக்கணும்கிற எண்ணமே கிடையாது” என்ற சான்றிதழும் வருகிறது. ஆசிரியர் கண்ணில் பட்டது கடைசிக் கண்ணி மட்டும்தான். முதல் கண்ணியை அவர் தேடவே இல்லை.

“இதெல்லாம் சாக்கு” என்பீர்களானால், அந்த டீக்கடையைத் தாண்டிப் போன கரும்பையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் எழுதியது. ஆய்வு நடந்த இடம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். 2019-ல் தனி மாவட்டம் ஆகும்வரை கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடுதான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு ஒரு முறை, அறுவடைக்குப் பின்பு ஒரு முறை அறிவுத்திறன் புதிர்களும் கவனச் சோதனையும் கொடுத்தார்கள். கரும்புக்குப் பணம் வருவதற்கு முன், நகை அடகிலும் கடன் தலைமேலும் இருக்கும் காலத்தில், அவர்கள் மோசமாகச் செய்தார்கள். பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் கூடுதல் புதிர்களை விடுவித்தார்கள், வேகமாகவும் குறைந்த தப்புகளோடும் செய்தார்கள். இரண்டாம் முறை என்பதால் வந்த பழக்கமா என்றும் பார்த்தார்கள். அறுவடைக்குப் பின் முதல்முறையாகச் சோதிக்கப்பட்டவர்களிடமும் அதே மாற்றம்தான்.

இது சாதியைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் யோசியுங்கள். சொந்த நிலமும் ஆலையில் பதிவும் உள்ளவருக்கே பணமுடை வந்தால் சில மாதங்களுக்கு மூளை மந்தமாகிறது. அவருக்கு ‘மண்டையில ஏறாது’ என்று யாரும் பட்டம் கட்டவில்லை. அறுவடை வந்ததும் தெளிந்துவிடுகிறார். அந்தக் கரும்பை வெட்டுகிறவருக்கு அறுவடை என்பது பணமுடை தீரும் காலம் அல்ல, கூலி கிடைக்கும் சில வாரங்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெளியும் மாதம் எது?

இனி பசிக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் மட்டுமல்ல, கவனமும் நினைவும் குறையும். இது மருத்துவம் சொல்வது, நான் சொல்வது அல்ல. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வரவேற்போம். ஆனால் அதை ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றுதானே தொடங்கினார்கள்? ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசிக்காதா? ஆதிதிராவிடர் நலப் பள்ளி விடுதிகளில் ஒரு மாணவருக்கான உணவுத் தொகை 2023-ல் உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் மாதம் 1,400 ரூபாய்தான். நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை, மூன்று வேளைக்கும் சேர்த்து. அந்தப் பணத்தில் நீங்கள் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மறுநாள் 38-ஐ 7-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

சோறு வந்தால் பின்னாலேயே சாதியும் வருகிறது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளையின் பலகையில் அன்று என்ன எழுதப்பட்டிருக்கும்?

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இதோடு தூரமும் சேர்கிறது. ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் அப்போதுதான் கேள்வியாயின. பெற்றவர்கள் மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு ‘கவனம் நிக்காது’ என்கிறோம். அந்தக் கவனம் எங்கே போயிருக்கிறது என்று கேட்கக்கூட நமக்கு நேரமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான சான்று ஒன்று இருக்கிறது. இதை ஒவ்வொரு மாணவத் தோழரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆதிக்க சாதி மாணவர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் 321 பேர். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகச் செய்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது.

ஊரும் புதிரும் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. சாதியை உரக்கச் சொன்னது ஒன்றுதான் புதிது. இன்னொன்றும் கண்டார்கள். பரிசை முடிவு செய்வது மனிதர் கையில் இல்லாமல், குலுக்கலில் நடக்கும்போது அந்த வேறுபாடு காணாமல் போனது. அதாவது, ‘எப்படிச் செய்தாலும் இவர் எனக்கு நியாயமாகக் கொடுக்கமாட்டார்’ என்ற அவநம்பிக்கைதான் கையைக் கட்டிப்போட்டது. ‘ஊக்கம் இல்லை’ என்கிறார்களே, அது என்னவென்று இப்போது தெரிகிறதா? நியாயம் கிடைக்காது என்பதைச் சின்ன வயதிலேயே சரியாகப் படித்துக்கொண்ட பிள்ளையின் முடிவு அது.

இந்தச் சோதனையை நம் பள்ளிகள் ஆண்டுதோறும் இலவசமாகவே நடத்துகின்றன. உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்பில் ஒரு குரல்: “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க.” நானும் எழுந்து நின்றிருக்கிறேன், நீங்களும் நின்றிருப்பீர்கள். அடுத்த பாடவேளையில் நமக்கு எதுவும் ‘மண்டையில ஏறவில்லை’. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு காசு செலவில்லாத காரியம். இதைச் செய்ய எத்தனை ஆண்டு வேண்டும்?

‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்பார்கள். அது குத்துகிறது என்று ‘மெல்ல மலரும் மாணவர்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, கடைசி பெஞ்ச் மாறவில்லை. பாரிஸில் 1905-ல் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியத்தான் அதைச் செய்தார். அறிவு மாறாத ஒன்று என்ற எண்ணத்தை அவர் எதிர்த்தார். உதவிக்காகச் செய்ததை ஒதுக்குவதற்குப் பயன்படுத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். ‘அது அப்படித்தான்’ என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல.

என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் படிப்பகத்தில் ஒரு பெண் பிள்ளை. பலகையில் 3 என்று எழுதினால் நோட்டில் 8 என்று எழுதும். இரண்டு வருடம் “கவனமே இல்லை” என்று அவளை நானே திட்டியிருக்கிறேன். பள்ளியில் அவள் இடம் கடைசி வரிசை. ஒரு முகாமில் கண் பார்த்தார்கள். தூரப் பார்வை மங்கல். கண்ணாடி வந்ததும் ஒரே வாரத்தில் 3 என்பது 3 ஆகிவிட்டது. ஆனால் “எனக்குப் படிப்பு வராதுண்ணா” என்ற எண்ணம் அவளை விட்டுப் போக மேலும் இரண்டு வருடம் ஆனது. அதை விதைத்தவர்களில் நானும் ஒருவன். ஆதிக்க சாதிக்காரர் சொன்ன அதே சொல்லைச் சேரிக்குள் நின்று நான் சொன்னேன்.

ஆகவே படிப்பகம் நடத்தும் தோழர்களுக்குச் சில வேலைகள். ‘கவனமில்லை’ என்று சொல்வதற்கு முன் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். சீழ் வடியும் காதோடு எத்தனை பிள்ளைகள் வகுப்பில் இருக்கின்றன தெரியுமா? வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தரப்படுகிறதா, பிள்ளை விழுங்குகிறதா என்று கேளுங்கள். நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கைவசம் வைக்க வேண்டிய 5-ஐ நோட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், அது தப்பல்ல. தப்பான விடைக்குச் சிரிக்காதீர்கள், மற்றவர்களைச் சிரிக்க விடாதீர்கள்.

பள்ளியிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதைச் சட்டத்தோடு கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டும் தடை செய்யவில்லை, மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘மக்கு’ என்ற சொல் அதில் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெற்றோர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் கூட்டத்தில் பேசுகிறார்களா என்று பாருங்கள். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேலும் காலை உணவு கேட்டு மனு கொடுங்கள்.

அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார்ந்துதான் பள்ளியில் படித்தார். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும், பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அதைத் தாண்டி வந்த ஒருவரைக் காட்டி “அவர் படிக்கலையா?” என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: அந்தச் சாக்கில் உட்கார்ந்து தாகத்தோடே வெளியேறிய மற்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கும் ‘மண்டையில ஏறல’ என்றுதானே எழுதி வைத்தீர்கள்?

ஆசிரியர் ஐயா, அன்றைய டீக்கு நன்றி. அடுத்த முறை நான் வாங்கித் தருகிறேன். நான் எந்தத் தெரு என்பதையும் அப்போது சொல்கிறேன்.

ஜெய்பீம்.