பூட்டிய அலமாரிக்குள் நீதி

புலனாய்வு அமைப்பொன்று சோதனை நடத்துகிறது. பெட்டி பெட்டியாக ஆவணங்களையும் கணினிகளையும் எடுத்துச் செல்கிறது. பலரிடம் வாக்குமூலம் பெறுகிறது. அவற்றுள் குற்றச்சாட்டுக்குத் துணைநிற்பவை மட்டும் குற்றப்பத்திரிகையுடன் நீதிமன்றத்தை அடைகின்றன. எஞ்சியவை அலமாரியில் பூட்டப்படுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர் நிரபராதி என்பதற்கான சான்று அந்த அலமாரிக்குள்ளேயே இருக்கலாம். ஆனால், அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

சர்லா குப்தா வழக்கில் 2025 மே 7 அன்று உச்சநீதிமன்றம் வழங்கியுள்ள தீர்ப்பு இந்த அலமாரியைச் சற்றே திறந்திருக்கிறது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட வழக்குகளில், அமலாக்கத் துறை தான் சார்ந்து நிற்காத ஆவணங்கள், வாக்குமூலங்கள் ஆகியவற்றின் பட்டியலையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளித்தாக வேண்டும் என்று நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு கூறியுள்ளது. பட்டியலைக் கொண்டு தமக்கு வேண்டிய ஆவணங்களை அவர் நீதிமன்றத்தின் வழியே கோர முடியும். இத்தீர்ப்பை வரவேற்கிறோம்.

எனினும் இது புதிய நெறி அன்று. அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அலுவலர். எப்பாடுபட்டேனும் தண்டனை வாங்கித் தருவது அவரது பணியாகாது. மனு சர்மா வழக்கில் 2010லேயே உச்சநீதிமன்றம் அவரது வெளிப்படுத்தும் கடமையை வலியுறுத்தியது. 2021 ஏப்ரலில் அது ஒப்புதல் அளித்த வரைவு விதிகள், சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலைத் தர வேண்டும் என்றன. அவற்றை ஆறு மாதங்களுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி உயர்நீதிமன்றங்களுக்குப் பணித்தது. 2022இல் மனோஜ் என்ற மரண தண்டனை வழக்கிலும் இதே கடமையை வலியுறுத்தியது.

காலனியச் சட்டங்களை ஒழித்துவிட்டதாக மார்தட்டிய மோடி அரசாங்கம், 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இக்கடமையைச் சேர்க்கவில்லை. பிரிவு 230, ஆவண நகல்களை வழங்குவதற்குப் பதினான்கு நாள் கெடு விதிக்கிறது. ஆனால் எந்த ஆவணங்கள் என்ற கேள்விக்குப் பழைய விடையே தொடர்கிறது.

இதன் விலை என்ன என்பதற்கு பீமா கோரேகான் வழக்கே சாட்சி. ரோனா வில்சனின் கணினியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களே குற்றச்சாட்டின் முதுகெலும்பு. அக்கணினியின் மின்னணு நகல் எதிர்த்தரப்பின் கைக்கு வந்த பின்னரே, அமெரிக்காவின் ஆர்சனல் ஆய்வகம் அதனைச் சோதித்தது. வெளியிலிருந்து ஊடுருவிக் கோப்புகள் திணிக்கப்பட்டுள்ளன என 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. யார் சொல்வது மெய் என்பதை விசாரணைதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஆறரை ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ரோனா வில்சனுக்குப் பிணை கிடைத்தபோதும் குற்றச்சாட்டுகள்கூட வனையப்பட்டிருக்கவில்லை. ஸ்டேன் சுவாமியின் கணினியைப் பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வெளியானது. அதைக் காண அவர் இல்லை. 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, பிணைக்குக் காத்திருந்தபடியே மாண்டு போனார்.

ஊபா வழக்குகளில் குற்றச்சாட்டு மேலோட்டமாக மெய்யெனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். அந்தத் தோற்றத்தைக் காவல்துறை பொறுக்கியெடுத்த தாள்களே உருவாக்குகின்றன. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, சிறைகளில் இருந்தோரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். மறைக்கப்பட்ட ஆவணத்தைக் கேட்டு உச்சநீதிமன்றம் வரை செல்ல அவர்களில் எத்தனை பேரால் முடியும்?

எனவே, சாதகமான சான்றுகளை வெளிப்படுத்தும் கடமையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். ஊபா உள்ளிட்ட அனைத்து வழக்குகளுக்கும், பிணைக் கட்டத்திலிருந்தே, அது பொருந்த வேண்டும். வேண்டுமென்றே மறைக்கும் அதிகாரி தண்டிக்கப்பட வேண்டும். அலமாரியின் சாவி குற்றஞ்சாட்டுபவரின் கையில் மட்டுமே இருக்கும்வரை நியாயமான விசாரணை என்பது வெறும் சொல்லே. இக்கோரிக்கையை முன்னெடுக்க ஜனநாயக சக்திகள் அனைத்தும் ஒன்றுதிரள வேண்டும்.