வாளியில் ஒரு விசர்ஜனம்

புனேயிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் அரபிக் கடல். ஆனால் அந்த ஊரின் முத்தா நதிக்கு அந்தப் பக்கம் போக மனமில்லை. முளாவுடன் சேர்ந்து, பீமாவில் விழுந்து, கிருஷ்ணாவில் கலந்து, ஆந்திராவில் வங்கக் கடலைத் தொடுகிறது. விநாயகர் சதுர்த்தி முடிந்து புனேக்காரர்கள் ஆற்றில் விடுவதெல்லாம் புறப்படுவது நம் கடலை நோக்கித்தான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் தண்ணீரில் லேசில் கரையமாட்டார். புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் இதற்குக் கண்ட வழி, பிஸ்கட் உப்புவதற்கு பேக்கரிகளில் போடும் அம்மோனியம் பைகார்பனேட். வாளித் தண்ணீரில் அதைக் கலந்து சிலையை வைத்தால் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். அடியில் தங்குவது வெறும் கால்சியம் கார்பனேட். மேலே நிற்கும் நீரில் இருப்பது அம்மோனியம் சல்பேட்: வயலுக்குப் போடும் அதே உரம். நிறையத் தண்ணீர் சேர்த்துப் பூந்தொட்டிக்கு ஊற்றலாம். 2016இல் மாநகராட்சியே இந்தப் பொடியை இலவசமாகக் கொடுத்தது.

சங்கடங்களும் உண்டு. ஏறக்குறைய சிலையின் எடைக்குப் பொடி வேண்டும். வீட்டில் அம்மோனியா நெடி வேறு. பளபளக்கும் பெயிண்டிடம் இந்த வித்தை பலிக்காது. அந்த நீரைச் செடிக்கு ஊற்ற யோசிக்கத்தான் வேண்டும். பெயிண்ட் பூசாத களிமண் பிள்ளையாருக்கு இந்த வம்பே இல்லை. பச்சைத் தண்ணீர் போதும், தொட்டி மண்ணாகிவிடுவார். ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம், கை பட்டால் தும்பிக்கை உடைந்துவிடுமோ என்ற பயம் வேறு.