பேணுவாரற்ற துணைநிரல்கள்

“இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் எவருக்கு என்ன நட்டம்?” மென்பொருட் கட்டுமான முறைமைகளிலே பேணுவாரற்றுக் கிடக்கும் துணைநிரல்களை நீக்கவேண்டுமென்ற பேச்சு எழும்பொழுதெல்லாம் இவ்வினாவே விடையாகத் தரப்படுகின்றது. பெருந்தன்மை போலத் தோன்றும் இந்நிலைப்பாடு உண்மையிற் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும்.

ரௌற்றர், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி முதலியவற்றினுள்ளே உட்பொதிந்து இயங்கும் லினக்ஸ் மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டியெழுப்பும் முறைமைகளுள், 2001 இல் தொடங்கிய பில்ட்றூட், 2010 இல் அறிவிக்கப்பெற்ற யொக்டோ ஆகியன முதன்மையானவை. இத்தகைய முறைமை எதுவாயினும் அதன் ஓரத்திலே சிறுநிரல்கள் சேர்வது இயல்பு. கட்டிமுடித்த மென்பொருளை நினைவக அட்டையில் எழுத ஒன்று, உரிமப் பட்டியல் தயாரிக்க ஒன்று, கட்டுமான நேரத்தைக் கணக்கிட ஒன்று என யாரோ ஒருவர் தம் அன்றைய தேவைக்கு எழுதியவை அவை. எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிடுவார், நிரல் எஞ்சிவிடும்.

எஞ்சிய நிரல் மாறுவதில்லை; அதைச் சூழ்ந்தவையே மாறுகின்றன. 2006 இல் வெளியான உபுண்டு 6.10, ‘எஸ்.எச்.’ என்ற பெயருக்குரிய ஷெல்லாக பாஷுக்குப் பதில் டாஷை அமர்த்திற்று. பாஷின் வழக்குகளை நம்பி எழுதப்பட்டும் தலைப்பில் ‘எஸ்.எச்.’ எனக் குறித்திருந்த நிரல்கள் அங்கே இடறின. பைதன் 2 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியுடன் முடிவுற்றது.

இடறி விழும் நிரலாற் கேடு குறைவு; விழுந்த செய்தியையாவது அது சொல்லிவிடும். ஓசையின்றித் தவறுவதே கொடிது. ஷெல் நிரலில் ஒரு கட்டளை தோல்வியுற்றாலும், வேறுவிதமாகப் பணிக்கப்படாவிடின், அடுத்த கட்டளை தொடரும். உரிமப் பட்டியல் தயாரிக்கும் நிரல் தேடுகின்ற அடைவு புதிய வெளியீட்டிலே இடம் மாறிவிட்டதெனக் கொள்க. நிரல் ஓடும், முடிந்தது எனவும் அறிவிக்கும், பட்டியல் மட்டும் பாதி வெறுமையாயிருக்கும். அதை முழுமையானதென நம்பிக் கருவியை விற்கும் நிறுவனம் ஜி.பி.எல். உரிமத்தின் கடப்பாடுகளை அறியாமலே மீறும். நினைவக அட்டைக்கு எழுதும் நிரலோ இன்னும் அபாயமானது. அது பயன்படுத்தும் ‘டிடி’ கட்டளை, தனக்குக் காட்டப்பட்டது அட்டையா, கணனியின் வன்தட்டா என வினவுவதில்லை.

இவ்விழப்புகள் களஞ்சியத்தின் பழையவர்களுக்கு நேர்வனவல்ல. எந்நிரல் உயிருள்ளது, எது செத்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். புதிதாய் வரும் மாணவனுக்கோ களஞ்சியத்தில் இருப்பதே அத்தாட்சி. ‘எவருக்கு நட்டம்’ என வினவுவோர் அவனை எண்ணிப் பார்த்ததில்லை.

படிப்பாரற்ற நிரலால் வேறோர் இடருமுண்டு. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசட். சதியில், நஞ்சைப் பிணைக்கும் வரிகள் வெளியீட்டுப் பொதியின் கட்டுமானத் துணைக்கோப்பொன்றிலே ஒளிந்திருந்தன. கிற் களஞ்சியத்தில் அவை இல்லை. அது கைவிடப்பட்ட கோப்பன்று என்பது மெய்யே. ஆயினும் கட்டுமான நிரல்களை எவரும் ஊன்றி வாசியார் என்ற கணிப்பிலேயே அவ்விடம் தெரியப்பட்டது போலும்.

“யாரேனும் பயன்படுத்தக்கூடுமே” என்பர். நீக்கப்பட்ட கோப்பு அழிவதில்லை. கிற் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். பழைய கருவிகளைப் பேணுவோர்க்கென யொக்டோ 2020 இலிருந்து நீண்டகால ஆதரவு வெளியீடுகளை வழங்கிவருகிறது. அதே திட்டம் ‘ஹொப்’ என்னும் வரைகலை இடைமுகத்தை 2016 இன் 2.1 வெளியீட்டில் அகற்றிற்று. அதன் பணியை ‘ரோஸ்ரர்’ ஏற்றது.

சொல்லாமற் கொள்ளாமல் நீக்குவதும் தவறே; இவ்வளவில் எதிர்த்தரப்பார் கூற்று ஏற்புடைத்து. இதற்கும் பில்ட்றூட் வழிகாட்டியுள்ளது. அங்கே நீக்கப்பட்ட தெரிவுகள் மரபுக்கோப்பொன்றிற் குறிக்கப்படும். பழைய அமைப்புடன் வருபவருக்கு எது நீங்கிற்று, ஏன் நீங்கிற்று என்ற விளக்கம் கிட்டும். எப்பகுதிக்கு எவர் பொறுப்பு என்பதைக் கூறும் கோப்பும் அங்குண்டு. துணைநிரலொன்று தமக்கு இன்றியமையாததெனக் கருதுவோர் அத்தகைய கோப்பிலே தம் பெயரை எழுதிப் பொறுப்பேற்கட்டும். ஓர் அறிவித்தலுக்குப் பின்னரும் எவரும் முன்வராவிடின், அடுத்த வெளியீட்டில் அந்நிரல் இடம்பெறலாகாது.