ரூபாய் சரிந்தால் கடலை விலை ஏறுமா?

'டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு சரிந்தது' என்ற செய்தியைக் கேட்டதும் கடலை மூட்டையை விற்காமல் இருப்பு வைக்கும் விவசாயிகள் உண்டு. ரூபாய் சரிந்தால் இறக்குமதியாகும் பாமாயில் விலை ஏறும், அதைத் தொடர்ந்து கடலை எண்ணெயும் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. இடையில் இன்னொரு நாணயம் இருக்கிறது. அது மலேசிய ரிங்கிட்.

நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி மூலமே நிறைவேறுகிறது. அதில் பெரும்பங்கு பாமாயில். இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வருகிறது. பாமாயில் வியாபாரிகள் அன்றாடம் கவனிக்கும் மலேசிய முன்பேரச் சந்தையில், டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்றே விலை பேசப்படுகிறது. நம் இறக்குமதியாளர்களோ பெரும்பாலும் டாலரில் பணம் செலுத்துகிறார்கள். ஆகவே ரிங்கிட் டாலராகவும், டாலர் ரூபாயாகவும் மாறிய பிறகே நமக்கான விலை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். டன் விலை 4,400 ரிங்கிட். ஒரு டாலருக்கு 4.40 ரிங்கிட், ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,400-ஐ 4.40-ஆல் வகுத்தால் 1,000 டாலர். அதை 85-ஆல் பெருக்கினால் 85,000 ரூபாய், அதாவது கிலோ 85 ரூபாய். டாலரிலிருந்து ரிங்கிட்டுக்குப் போகப் பெருக்க வேண்டும். ரிங்கிட்டிலிருந்து டாலருக்கு வர வகுக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது ரூபாய் 88-க்குச் சரிகிறது. அதே நேரத்தில் ரிங்கிட்டும் 4.70-க்குச் சரிகிறது. சந்தை விலை அதே 4,400 ரிங்கிட் என்றால், டன் சுமார் 936 டாலர். ரூபாயில் சுமார் 82,400. ரூபாய் சரிந்தும் பாமாயில் கிலோவுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் மலிந்துவிட்டது! ரூபாயைவிட ரிங்கிட் அதிகம் சரிந்ததே காரணம். மாறாக, ரூபாய் 85-லேயே நிற்க, ரிங்கிட் 4.10-க்கு வலுப்பெற்றால், டன் விலை சுமார் 91,200 ரூபாய் ஆகிவிடும்.

1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை மலேசிய அரசு ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலையாக வைத்திருந்தது. அந்தக் காலத்தில் டாலர்-ரூபாய் மதிப்பை மட்டும் பார்த்தால் போதும். இன்று அப்படியில்லை. ரிங்கிட் மலிந்தால் வெளிநாட்டார் அதிகம் வாங்குவதால், ரிங்கிட்டில் சொல்லும் விலை ஏறுவதும் உண்டு. எனவே விலை, இரண்டு மாற்று மதிப்புகள் ஆகிய மூன்றையும் ஒரே நாளுக்கு உரியதாக எடுங்கள்.

இதன் மேல் இறக்குமதி வரி சேரும். கச்சா சமையல் எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் மொத்த வரி 27.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 மே இறுதியில் 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி மதிப்பின் மேல் கணக்கிடப்படுவதால், நாணய மாற்றத்தால் வரும் ஏற்ற இறக்கத்தையும் அது கூட்டிவிடும். வரி அறிவிப்பு ஒன்றே நாணய மாற்றம் முழுவதையும் விழுங்கிவிடவும் கூடும்.

கடலை எண்ணெய்க்கென்று தனி வாடிக்கையாளர்கள் உண்டு. உள்ளூர் மகசூலும் வரத்தும் விலையை நிர்ணயிக்கும். ஆகவே பாமாயில் கணக்கு விலையை முன்கூட்டிச் சொல்லாது. அழுத்தம் எந்தப் பக்கம் என்று மட்டுமே காட்டும். இருப்பு வைப்பதற்கு வட்டி, கிடங்கு வாடகை, எடைக் குறைவு என்று செலவும் இருக்கிறது. எதிர்பார்க்கும் விலை உயர்வு அந்தச் செலவைத் தாண்டுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலைப் பலகையில், வாரம் ஒருமுறை ரிங்கிட் விலை, இரண்டு மாற்று மதிப்புகள், வரி ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். விவசாயி தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.