படிக்கிற வருஷங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

சரித்திர நாவல் எழுதுவதற்காக ஒருவன் வேலையை விடலாமா என்று கேட்டால், நம் வயதுக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கூடாது என்றுதான் சொல்வோம். நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, யூ.டி.சி.யாகி, இன்க்ரிமென்ட் எண்ணிக் காலம் கழித்து, இப்போது பென்ஷன் வாங்குகிறவன். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவனாக இருப்பேன் என்றுதான் எங்கள் ராயபுரம் தெருக்காரர் ஒருவர் நினைத்துவிட்டார். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல சம்பளத்தில் இருக்கும் அவருடைய மகன், வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதப் போகிறானாம். "சார், நீங்க பிரெஞ்சு படிச்சவர். நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

பிரெஞ்சை இதில் இழுத்ததற்குக் காரணம் உண்டு. பையன் எடுத்துக்கொண்ட விஷயம் 1746. அந்த வருஷம் செப்டம்பரில் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னைப் பட்டணத்தைப் பிடித்தான். 1748-இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஆகி, 1749-இல்தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் இங்கே இருந்த நெசவாளர், மசூலா படகுக்காரர், சின்ன வியாபாரிகள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று எழுதவேண்டுமாம். நல்ல கேள்வி. நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் துய்ப்ளெக்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். படகுக்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஒரு வரியை எங்களுக்குத் தமிழில் எழுதிக் காட்டியவர் எங்கள் ஊர்க்காரர், பிரபஞ்சன். இயற்பெயர் வைத்தியலிங்கம். 1945-இல் புதுச்சேரியில் பிறந்தார். கரந்தையில் தமிழ் படித்து, தஞ்சாவூரில் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு குமுதம், ஆனந்த விகடன், குங்குமம் என்று பத்திரிகைகளில் இருந்தார். முதல் சிறுகதை 1961-இல் வெளிவந்தது. பின்னாளில் மாதச் சம்பளத்தை விட்டு, எழுத்தையே தொழிலாக வைத்துக்கொண்டார். அப்படி எழுதிய 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

அந்த நாவலுக்கும் அதற்கு முன்வந்த 'மானுடம் வெல்லும்' நாவலுக்கும் ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர். அந்த வகையில் நம் பக்கத்து ஆள். புதுச்சேரிக்குப் போய்த் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக உயர்ந்தார். 1736-இல் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை, கால் நூற்றாண்டு காலம் கப்பல் வந்தது முதல் கடைத்தெரு வதந்திவரை குறித்து வைத்தார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

இதில் குமாஸ்தா புத்திக்கு உறைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த நாட்குறிப்பை ஆங்கிலத்தில் கொண்டுவரும் வேலையைச் சென்னை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மொத்தம் 12 தொகுதிகள். முதல் தொகுதி 1904-இல் வந்தது, கடைசித் தொகுதி 1928-இல். அரசாங்கமே முன்னின்று செய்த வேலைக்கே இருபத்துநான்கு வருஷம் ஆகியிருக்கிறது. அதே கடலை ஒரு தனி மனிதர் படித்து, அந்தக் காலத்து மொழியைப் பழகி, எது விலை, எது லஞ்சம், எது சாதிச் சண்டை என்று பிரித்தெடுத்து, அதிலிருந்து உயிருள்ள ஆட்களை எழுப்பி நடக்கவிட வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செய்துவிட முடியுமா?

அதனால்தான் சொல்கிறேன், கவிதைக்கும் சிறுகதைக்கும் பொருந்துகிற 'வேலையும் பார், எழுதவும் எழுது' என்கிற புத்திமதி சரித்திர நாவலுக்கு அப்படியே பொருந்தாது. அதில் எழுதுவது கால் பங்குதான். முக்கால் பங்கு படிப்பு. அந்தப் படிப்புக் காலத்துக்கு யாராவது ஒருவர் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விகடனை விட்டு வந்து, 1941-இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். முதல் போடுவதற்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டினார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' அந்தப் பத்திரிகையில்தான் வளர்ந்தது. வந்தியத்தேவன் குதிரைக்குப் புல் போட்டவர்களில் எம்.எஸ்.ஸும் ஒருவர் என்று சொன்னால் தப்பில்லை.

அகிலன் நம் ஜாதி, அதாவது அரசாங்கச் சம்பள ஜாதி. ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரித்தவர். 1958-இல் ராஜினாமா செய்தார். வேலையில்லாத அந்த வருஷங்களில்தான் ராஜேந்திர சோழனைப் பற்றிய 'வேங்கையின் மைந்தன்' நாவலுக்கு 1963-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது வந்தது. பெயரும் புகழும் வந்த பிறகும் அவர் மறுபடி ஒரு சம்பளத்துக்குப் போனார், வானொலி நிலையத்தில். பின்னாளில் தமிழுக்கு முதல் ஞானபீடம் வாங்கித் தந்தவருக்கே நிலைமை அது.

பிரெஞ்சுக்காரர்களும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அலெக்சாந்தர் த்யுமா 1823-இல் பாரிசுக்கு வந்தபோது, கையெழுத்து அழகாக இருந்ததால்தான் ஓர்லியான் பிரபுவின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1829-இல் நாடகம் வெற்றி பெற்ற பிறகுதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். 1844-இல் 'மூன்று மஸ்கெத்தியர்கள்' ஒரு தினசரியில் தொடராக வந்தது. அப்போது பழைய ஏடுகளைப் புரட்டி விஷயம் சேர்த்துக் கொடுக்க அவருக்கு ஒகுஸ்த் மாக்கே என்ற சரித்திர வாத்தியார் இருந்தார். படிப்பு வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கிற அளவுக்கு அங்கே வாசகர் காசு வந்தது.

பிரபஞ்சனுக்கு மாக்கேயும் இல்லை, சொந்தப் பத்திரிகையும் இல்லை. படிப்புக் காலத்துச் சம்பளத்தை அவரும் அவர் குடும்பமும்தான் கொடுத்தார்கள். ராயப்பேட்டை பீட்டர்ஸ் காலனி வீட்டில் அவர் எவ்வளவு நெருக்கடியோடு வாழ்ந்தார் என்பது அவரைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தெரியும். 2018 டிசம்பர் 21 அன்று காலமானார். புதுச்சேரியில் அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். செய்யவேண்டிய மரியாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அரியர்ஸை ஆள் போன பிறகு சாங்ஷன் செய்கிற வழக்கம் நம் ஆபீஸ்களோடு நிற்கவில்லையே என்று தோன்றியது.

பிரான்சில் நூல்களுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. 1946-இல் வேறு பெயரில் உருவானது. எழுதுகிறவர் விண்ணப்பித்தால், திட்டத்தைப் பார்த்து, எழுதும் காலத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். விருது என்பது முடித்ததற்குக் கொடுப்பது. இது முடிப்பதற்குக் கொடுப்பது. நம் அரசும் பல்கலைக்கழகங்களும் சரித்திர நாவலுக்கு மட்டுமாவது இரண்டு வருஷப் படிப்புக்காலச் சம்பளம் என்று ஒன்று வைக்கலாம். வருஷத்துக்கு ஐந்து பேருக்குக் கொடுத்தால் போதும். கஜானா காலியாகாது.

அது வரும்போது வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வயதில் பலர் வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்துக்கொண்டோம், நூலகத்தில் எடுத்தோம், நண்பரிடம் இரவல் வாங்கினோம். அன்றைய சம்பளத்தில் அதுதான் முடிந்தது. இன்று பென்ஷன் வருகிறது. மருந்துக் கடைக்குப் போக மிஞ்சுவதில் மாதம் ஒரு தமிழ்ப் புத்தகம் விலை கொடுத்து வாங்கலாம். பி.டி.எஃப். அனுப்பச் சொல்லிப் பேரனைக் கேட்காமல் இருக்கலாம்.

தெருக்காரரிடம் நான் சொன்னது இதுதான். "உங்க பையன் இன்னும் கொஞ்ச நாள் வேலையில இருந்து காசு சேர்க்கட்டும். முதல் அம்பது பக்கத்தை அதுக்குள்ள எழுதிக் காட்டட்டும். அது நல்லா இருந்தா, ரெண்டு வருஷம் எம்.ஏ. படிக்க வெச்சதா நினைச்சுச் சாப்பாடு போட்டு வீட்ல வெச்சுக்கோங்க. கல்யாணப் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கலாம்." அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தடுத்து நிறுத்துவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்.

பையனிடம் வேறு சொன்னேன். பிரெஞ்சு ஆவணங்களில் அவனுக்குப் புரியாததை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரட்டும், கூலி வேண்டாம், வாசித்துச் சொல்கிறேன் என்று. இந்த ராயபுரம் கரையில் எழுதப்படாதவை எவ்வளவோ கிடக்கின்றன. 1856-இல் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. 1914-இல் எம்டன் கப்பல் குண்டு போட்டு எரித்த எண்ணெய் டாங்குகள் இருந்ததும் இந்தத் துறைமுகத்தை ஒட்டித்தான். ஒருவன் உட்கார்ந்து படித்தால் ஒழிய அவை கதையாகாது. வாரத்தில் மூன்று நாள் வருகிறான். போன வாரம் ஒரு கப்பல் சரக்குப் பட்டியலில் இரண்டு மணி நேரம் போயிற்று.