வள்ளக்கூலி யார் கணக்கில்?

சென்ற விடுமுறையில் உம்மம்மாவோடு நயினாதீவுக்குப் போயிருந்தேன். இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கடையில் பால்மாப் பைக்கற்று வாங்கினோம். அச்சிட்ட விலையை விட முப்பது ரூபா கூடக் கேட்டார் கடைக்காரர். நான் விலையைக் காட்டினேன். "அது கொழும்பு விலை, பிள்ளை. வள்ளக்கூலி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் ஆர் தாறது?" என்றார். உம்மம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். முப்பது ரூபாவுக்கு வாதாடுவதா என்பது அவர் எண்ணம். பற்றுச்சீட்டுக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2003இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதன்கீழ் உருவானது. பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். விலைப்பட்டியலைக் கடையில் தொங்கவிட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

ஆனால் தீவில் அந்த இலக்கத்தை அழுத்துவது யார்? பக்கத்துக் கடைக்காரர்தான் மாதக் கடைசியில் கடனுக்கு அரிசி தருகிறார். மௌத்து வீட்டுக்கு முதலில் சீனியும் தேயிலையும் அனுப்புகிறவரும் அவர்தான். அவர் மீது முறையிட்டுவிட்டு மறுநாள் எந்தக் கடைக்குப் போவது? 1962 மார்ச் 15இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோருக்கு நான்கு உரிமைகளைச் சொன்னார். அந்த நாளைத்தான் இன்று உலக நுகர்வோர் உரிமைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த நான்கில் ஒன்று தெரிவு செய்யும் உரிமை. கடல் கொந்தளித்து வள்ளம் ஓடாத நாளில் நெடுந்தீவில் இருப்பவர் எதைத் தெரிவு செய்வார்?

அதற்காகக் கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்லவும் மாட்டேன். சாமான் லொறியில் குறிகட்டுவான் வந்து, வள்ளத்தில் ஏறி, இறங்குதுறையில் இறங்கி, மறுபடி வண்டி ஏறுகிறது. ஒவ்வோர் இடத்திலும் கூலி. இந்தச் செலவை அச்சிட்ட விலை கணக்கில் எடுப்பதில்லை. என் ஆட்சேபம் வேறு. அந்தக் கூலி எவ்வளவு, முப்பது ரூபாவில் எவ்வளவு கூலி, எவ்வளவு இலாபம் என்பதை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரை எச்சரிக்கவே 'அல்முதஃப்பிஃபீன்' என்றொரு சூறா இருக்கிறது. மறைத்த கணக்கும் குறைந்த நிறுவைக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தானே.

1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர்கள் சிலர் பணம் சேர்த்துத் தாங்களே ஒரு கடை திறந்தார்கள். கலப்படமில்லாத மாவு, சரியான நிறுவை என்பதே அவர்களின் நோக்கம். நம் சங்கக் கடைகளுக்கு மூதாதை அந்தக் கடை. போர்க்காலத்தில் நிவாரண அரிசிக்காகச் சங்கக் கடை வாசலில் நின்ற கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அத்தியாவசியப் பொருட்களுக்கான கடல் போக்குவரத்துச் செலவை அரசு ஏற்று, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அவற்றைத் தீவுகளுக்கு அனுப்பினால், கடைக்காரரும் அச்சிட்ட விலைக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். அதுவரை, வள்ளக்கூலியையாவது இறங்குதுறையில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்த முறை உம்மம்மா கையை இழுத்தாலும் பற்றுச்சீட்டுக் கேட்பதாக இருக்கிறேன். அந்தக் கடைக்காரரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: பட்டணத்தில் அவர் சாமான் எடுக்கும் மொத்தக் கடை அவருக்குச் சீட்டுக் கொடுக்கிறதா?